கோட்டோரத்தில் நடக்கும் இன்னோர் ஆட்டம்



கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாள் மாலையில் மெர்போக்கிலிருந்து செமிலிங், பீடோங் வழியாகச் சுங்கை பட்டாணி வரை காரில் வந்தால், ஜெராய் மலை ஒரு பக்கம் துணைக்கு வரும். வழியில் கோல் கம்பம் நட்ட திடல் ஏதாவது ஒன்றில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். தோட்டத் திடல் என்றால் அதன் அடையாளம் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் கோயில். கோயிலில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கை. முந்திய நாள் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பாதி மழை கரைத்திருக்கும். அந்தக் கரைந்த கோட்டின்மேல் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்து, ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். அவர்தான் பயிற்றுநர்.

அவர் கத்துவது யாரைப் பார்த்து? பாதி நேரம் தம் பிள்ளைகளை. மீதி நேரம் நடுவரை.

பந்து போகும் இடத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதால், இந்த இரண்டாவது ஆட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. நடுவர் பயிற்றுநரிடம் எப்படிப் பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார், எந்த இடத்தில் கோடு கிழிக்கிறார் என்பதுதான் அது. பெரிய அரங்கத்தில் இதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளே உண்டு. தோட்டத் திடலில் அதே வேலையை, 19 வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரே ஒரு விசிலை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது. அவனுக்கு முன்னால் நிற்கும் பயிற்றுநரோ அவன் அப்பாவின் கூட்டாளியாக இருக்கலாம். அவனுக்கே பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தவராகக்கூட இருக்கலாம். அங்கேதான் சிக்கல்.

முதலில் தமிழர்கள் யாருக்கும் மறக்காத ஒரு காட்சி. 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். சென்னை அணிக்குக் கடைசி ஓவரில் 18 ஓட்டம் தேவை. மூன்றாவது பந்தில் தோனி ஆட்டமிழந்து வெளியே போய்விட்டார். நான்காவது பந்து இடுப்புக்கு மேல் வந்ததா இல்லையா என்பது தகராறு. ஒரு நடுவர் நோ-பால் என்று கையை நீட்டுகிறார். இன்னொருவர் இல்லை என்கிறார். நீட்டிய கை இறங்கிவிடுகிறது. உடனே வெளியே உட்கார்ந்திருந்த தோனி, எப்போதும் முகத்தில் ஒன்றும் காட்டாத தோனி, விறுவிறுவென்று ஆடுகளத்துக்குள்ளேயே நடந்து வந்துவிட்டார். நடுவர்களிடம் விரலை நீட்டி வாதாடினார். நடுவர்கள் முடிவை மாற்றவில்லை. கடைசிப் பந்தில் சாண்ட்னர் சிக்சர் அடித்து சென்னை வென்றது. தோனிக்கு அந்த ஆட்டத்தின் சம்பளத்தில் பாதி அபராதம்.

மூன்று ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 22ஆம் தேதி, அதே ஐபிஎல் போட்டியில் டெல்லி அணியின் துணைப் பயிற்றுநர் பிரவீன் ஆம்ரே அதே காரியத்தைச் செய்தார். அதுவும் கடைசி ஓவர், அதுவும் நோ-பால் தகராறு. அவருக்கு முழுச் சம்பளமும் அபராதம். ஓர் ஆட்டத்துக்குத் தடையும் கிடைத்தது. குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு. 'தல' மேல் இருக்கும் பாசம் வேறு, நியாயம் வேறு. வெளியே இருப்பவர் உள்ளே நடந்து வந்தால் யாராக இருந்தாலும் ஒரே அளவு என்று 2019இலேயே காட்டியிருந்தால், 2022இல் ஆம்ரேயின் கால் சற்றுத் தயங்கியிருக்கும்.

இனி காற்பந்துக்கு வருவோம். நம் வட்டாரத்தின் உயிர் அதுதானே! 2007, 2008 என்று தொடர்ந்து இரண்டு பருவம் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா வாரிக்கொண்டு போன காலத்தில், பீடோங் சாப்பாட்டுக் கடைகளில் வேறு பேச்சே கிடையாது.

நடுவர் ஒருவரிடம் எதையும் வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியும் என்று நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை உடைந்த நாள் 1966 ஜூலை 23. உலகக் கிண்ணக் காலிறுதி, வெம்பிளி அரங்கம், இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும். நடுவர் ஜெர்மன்காரர் ருடோல்ஃப் கிரைட்லைன். அர்ஜெண்டினா கேப்டன் ராட்டினை அவர் வெளியேற்றுகிறார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ராட்டின் நகர மறுக்கிறார். ஆட்டம் பல நிமிடம் நின்றுவிடுகிறது. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் உள்ளே போய்ப் பேசிப் பார்த்து அழைத்து வர வேண்டியதாயிற்று. அதே ஆட்டத்தில் தமக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததே ஜாக் சார்ல்டன் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரருக்குத் தெரியவில்லை. மறுநாள் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

ஆஸ்டன் காரில் வீட்டுக்குப் போகும்போது சாலை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாக மாறுவதைப் பார்த்தார். யோசனை பிறந்தது. 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை. ஆட்டக்காரருக்கு அட்டை வந்துவிட்டது. பயிற்றுநருக்கு வரவில்லை! எல்லா நிலையிலும் பயிற்றுநருக்கு அட்டை காட்டலாம் என்ற விதி 2019ஆம் ஆண்டில்தான் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளி. அதுவரை நடுவர் பயிற்றுநரிடம் போய் வாயால்தான் சொல்ல வேண்டும். "தயவுசெய்து வெளியே போங்கள்" என்று அவர் சொல்ல, இவர் "என்னது?" என்று காதில் கை வைக்க, பார்ப்பவர்களுக்கு நடந்தது எச்சரிக்கையா, வெளியேற்றமா, வெறும் நலம் விசாரிப்பா என்று புரியாமலே போகும்.

2019இல் விதியை மாற்றியபோது, சட்டதிட்டங்களை வகுக்கும் அனைத்துலகக் காற்பந்துக் கழக வாரியம் சொன்ன காரணங்களில் ஒன்று தோட்டத் திடலுக்காகவே எழுதியது போல இருக்கிறது. சோதனை முறையில் இதைச் செய்து பார்த்ததில், சிரமம் கொடுக்கும் பெரியவர்களான பயிற்றுநர்களைச் சமாளிக்க இளம் நடுவர்களுக்கு இது உதவியது என்பதே அது. வயதில் மூத்தவரிடம் குரலை உயர்த்த முடியாத பையன், ஓர் அட்டையை உயர்த்த முடியும். அட்டைக்கு வயது கிடையாது. உறவு முறையும் கிடையாது.

அந்த விதிக்குள் கொஞ்சம் நுழைந்து பார்த்தால் அது எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டது என்று தெரியும். பயிற்றுநருக்கென்று ஒரு பகுதி உண்டு. இருக்கையின் இரு பக்கமும் ஒரு மீட்டர். முன்னால் எல்லைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி வரை. அதற்குள் நின்று ஆட்ட உத்தியைச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சொல்லலாம். இந்த ஒரு வரியை மட்டும் நம் திடல்களில் கடைப்பிடித்தாலே பாதிச் சத்தம் குறைந்துவிடும். பயிற்றுநர், துணைப் பயிற்றுநர், மேனேஜர், ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர், அவர் மைத்துனர் என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் உத்தி சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எப்போதாவது ஒரு முறை பகுதியைத் தாண்டிவிட்டாலோ, லேசாக அதிருப்தி காட்டினாலோ, முதலில் எச்சரிக்கை மட்டும். அட்டை வேண்டாம். தொடர்ந்து தாண்டினால், நடுவரைப் பார்த்துக் கேலியாகக் கை தட்டினால், தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி அடித்தால், எதிரணிக்கு அட்டை கொடு, அட்டை கொடு என்று ஓயாமல் சைகை காட்டினால் மஞ்சள். நடுவரோடு சண்டை பிடிக்கத் திடலுக்குள் வந்தாலோ, எதிரணி ஆட்டத்தைத் தொடங்க விடாமல் பந்தைப் பிடித்துக்கொண்டாலோ நேரே சிவப்பு. இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த பிறகும்கூட நடுவரை மறித்துச் சண்டைக்கு வந்தால் இதே கதிதான். இருக்கையிலிருந்து யாரோ தகாத வார்த்தை சொன்னார்கள், யாரென்று தெரியவில்லை என்றால், அங்கிருக்கும் தலைமைப் பயிற்றுநர் அந்த அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளை செய்த தப்புக்கு அப்பா தலை குனிவது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. அணியின் மருத்துவர் சிவப்பு அட்டைக்குரிய தவறு செய்து, அணியில் வேறு மருத்துவர் இல்லாவிட்டால், அவர் அங்கேயே இருந்து காயம்பட்டவரைக் கவனிக்கலாம். கோபத்திலும் விதி மனிதத்தை விட்டுவிடவில்லை.

பெரிய ஆட்டங்களில் இந்தக் கோட்டோரத்தைப் பார்த்துக்கொள்பவர் நான்காம் நடுவர். 1991இல் விதிப் புத்தகத்துக்கு வந்த பதவி இது. கூடுதல் நேரப் பலகையைத் தூக்கிக் காட்டுபவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். உண்மையில் அவர் இரண்டு சூடான அடுப்புகளுக்கு நடுவே நிற்பவர். இரண்டு பயிற்றுநர்களின் கோபமும் முதலில் அவர் மேல்தான் கொட்டும். அவர் கேட்டுக்கொள்வார், ஆற்றுவார், ஆறாவிட்டால் நடுவருக்குச் சொல்வார். நம் நாட்டின் சுப்கிடின் முகமட் சாலே 2010 தென்னாப்பிரிக்கா உலகக் கிண்ண நடுவர் பட்டியலில் இடம்பெற்று, அங்கே நான்காம் நடுவராகப் பணியாற்றினார். விசில் ஊதவில்லையே என்று அப்போது குறைப்பட்டவர்கள் உண்டு. உலகின் மிகப் பெரிய பயிற்றுநர்கள் பக்கத்தில் நின்று அவர்களை அடக்கி ஆள்வது விசில் ஊதுவதைவிட எளிய வேலையா என்ன?

தமிழர்களும் அந்த மேடைக்குப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணத்தில் போலந்து, ஹைத்தி ஆட்டத்துக்கு நடுவராக இருந்தார். போலந்து 7-0 என்று வென்ற ஆட்டம் அது. 2002இல் கொரியா, ஜப்பான் உலகக் கிண்ணத்தில் தமிழ்நாட்டின் சங்கர் துணை நடுவராக ஓடினார். தோட்டத்துப் பையன் ஒருவன் விசிலைக் கையில் எடுக்கும்போது இந்தப் பெயர்களை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் நவம்பர் 28ஆம் தேதி, கானாவிடம் தென் கொரியா 3-2 என்று தோற்றது. கடைசி வினாடியில் கொரியாவுக்கு ஒரு கார்னர். அதை உதைக்க விடாமல் நடுவர் ஆண்டனி டெய்லர் ஆட்டத்தை முடித்துவிட்டார். கொரியாவின் பயிற்றுநர் பாவ்லோ பெண்டோ திடலுக்குள் பாய்ந்தார். சிவப்பு அட்டை வாங்கினார். விதிப்படி நடுவர் செய்தது சரி. ஆனால் அந்தக் கார்னரை விட்டுவிட்டு விசில் ஊதியிருந்தால் அட்டைக்கே வேலை இருந்திருக்காது என்பதும் உண்மைதானே? நேரம் முடிந்துவிட்டது என்பது நடுவரின் கைக்கடிகாரத்துக்குத் தெரியும். எதிரே கொதித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. நல்ல நடுவர் கடிகாரத்தையும் பார்ப்பார், கோட்டோரத்து முகத்தையும் பார்ப்பார். அடுத்த ஆட்டத்தில் பெண்டோ மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, கீழே அவர் பிள்ளைகள் போர்ச்சுகலை 2-1 என்று வென்றது தனிக் கதை.

பெங்களூரில் 2023 மார்ச் 3ஆம் தேதி நடந்தது இன்னும் மோசம். இந்திய சூப்பர் லீக் வெளியேற்றுச் சுற்று. பெங்களூரு அணிக்கு எதிராகக் கேரளா பிளாஸ்டர்ஸ். கூடுதல் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக். கேரள அணி தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை உதைத்துக் கோலாக்கிவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். விசில் ஊதும்வரை காத்திருக்கச் சொன்னாரா, விரைவாக உதைக்க விட்டாரா என்பதுதான் வாதம். கேரளப் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்டக்காரர்களைக் கையசைத்துத் திடலைவிட்டே அழைத்துப் போய்விட்டார். அவர்கள் திரும்பவில்லை. இந்தியக் காற்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; பயிற்றுநருக்கு 10 ஆட்டம் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். பொது மன்னிப்பு கேட்காவிட்டால் தொகை இன்னும் ஏறும் என்றது.

அந்தப் பயிற்றுநர் கேட்ட கேள்வி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைகளை வெளியே அழைத்த நொடியில் கேள்வி செத்துவிட்டது. மிஞ்சியது குற்றம் மட்டும். தோட்டப் போட்டிகளிலும் "வாங்கடா, போவோம்" என்ற இந்த இரண்டு வார்த்தையால் முடிந்துபோன ஆட்டங்கள் எத்தனை! கிண்ணம் ஒரு பக்கம் கிடக்கும். இரண்டு தோட்டத்துக்காரர்களும் அடுத்த திருவிழாவரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

சரி, நடுவர் பக்கம் தவறே இல்லையா? உண்டு. நம் கபடியிலேயே அதற்கு உதாரணம் கிடைத்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, 2023 அக்டோபர் 7, ஆடவர் இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பாக்கி. இந்தியாவின் பவன் ஷெராவத் பாடிப் போகிறார். யாரையும் தொடாமலே ஓரப் பட்டைக்குள் கால் வைத்துவிடுகிறார். அவரைப் பிடிக்க ஈரானியர் சிலரும் பின்னாலேயே அதற்குள் போய்விடுகிறார்கள். ஒரு விதிப்படி பாடிச் சென்றவர் மட்டும் வெளியே. இன்னொரு விதிப்படி பின்னால் போனவர்களும் வெளியே. எந்த விதி? நடுவர்கள் ஒன்று சொன்னார்கள், ஈரான் தரப்பு எழுந்தது, முடிவு மாறியது. இந்தியத் தரப்பு எழுந்தது, மறுபடி மாறியது. ஆட்டக்காரர்கள் விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது. வென்றவர்களுக்கும் அது முழு மகிழ்ச்சியாக இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த பெரிய தவறு, முடிவு தப்பாகப் போனதல்ல. யார் சத்தம் போடுகிறார்களோ அந்தப் பக்கம் முடிவு சாய்கிறது என்று இரண்டு பயிற்றுநர்களுக்கும் தோன்ற விட்டதுதான். ஒரு முறை சத்தத்துக்கு இறங்கி வந்தால், மறு தரப்பு அதைவிடப் பெரிய சத்தம் போடாமல் வேறென்ன செய்யும்? தப்பைத் திருத்துவதற்கும் சத்தத்துக்குப் பணிவதற்கும் வித்தியாசம் உண்டு. துணை நடுவரைக் கேட்டுத் திருத்தினால் அது திருத்தம். பயிற்றுநர் வந்து கத்திய பிறகு திருத்தினால், அது சரியான முடிவாகவே இருந்தாலும் பணிவாகத்தான் தெரியும். ஆகவே, கேட்க வேண்டியதை முதலில் துணை நடுவரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகே பயிற்றுநரின் முகத்தைப் பார்ப்பது நல்லது.

வேறு விளையாட்டுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? கைப்பந்தில் நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை திடலில் உள்ள கேப்டனுக்கு மட்டும், பயிற்றுநருக்குக் கிடையாது. பூப்பந்தில் பயிற்றுநர் தம் நாற்காலியில் இருக்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இடைவேளைகளில்தான் ஆட்டக்காரரிடம் வரலாம். காற்பந்தும் அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் கேப்டன் மட்டுமே நடுவரை நெருங்கிப் பேசலாம் என்று வைத்தார்கள். நடுவரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொள்ளும் காட்சி அங்கே வெகுவாகக் குறைந்தது.

இனி தோட்டத் திடலுக்கே திரும்பலாம். விதிப் புத்தகத்தில் இல்லாத சில சங்கதிகள் இங்கே உண்டு.

ஒன்று, மொழி. மெர்போக் வட்டாரத்தில் ஒரு போட்டி என்றால் மலாய், சீன, தமிழ் அணிகள் எல்லாம் வரும். நடுவர் தமிழர், ஒரு பயிற்றுநரும் தமிழர். அவர் தமிழில் ஏதோ கேட்கிறார், இவர் தமிழில் பதில் சொல்கிறார். சொன்னது "அண்ணே, கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்பது மட்டுமே. ஆனால் எதிரே இருக்கும் மலாய்ப் பயிற்றுநருக்கு அது எப்படிக் கேட்கும்? இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பேசி முடித்துவிட்டதாகத்தான் கேட்கும். அதனால் அனுபவமுள்ள நடுவர்கள் திடலில் எல்லாரிடமும் மலாயில்தான் பேசுவார்கள், அதுவும் இரண்டு பக்கமும் கேட்கும்படி. தமிழ்ப் பற்று இல்லாமல் அல்ல. ஆட்டம் முடிந்து தேநீர்க் கடையில் தமிழ் தாராளமாக ஓடும்.

இரண்டாவது, அழைக்கும் முறை. "தம்பி, உனக்கு என்ன தெரியும்?" என்று பயிற்றுநர் தொடங்கும்போதே பையன் பாதி தோற்றுவிடுகிறான். தம்பி என்ற சொல்லில் பாசமும் இருக்கிறது. இந்த இடத்தில் அது உட்கார வைக்கும் சொல்லாகவும் இருக்கிறது. பதிலுக்கு "மாமா, விடுங்க" என்றால் அவன் உறவுக்காரனாகிவிட்டான், நடுவராக இல்லை. எதிர்த்து மரியாதைக் குறைவாகப் பேசினாலும் கெட்டுவிடும். "கோச், நீங்க கேள்வி கேளுங்க, சொல்றேன். கத்தினா சொல்ல முடியாது" என்று நீங்க போட்டே சொல்லலாம். மரியாதையும் போகாது, இடமும் போகாது.

இந்தக் கேள்வி, கத்தல் என்ற வித்தியாசம் மிக முக்கியம். "ஏன் அது ஃபவுல்?" என்பது கேள்வி. ஆட்டம் நிற்கும்போது ஒரே வரியில் பதில் சொல்லலாம். "நீ அந்தப் பக்கம்தானே ஊதுற!" என்பது கேள்வியே அல்ல, அதற்குப் பதில் சொல்லப் போனால் விடியும்வரை பேசலாம். பதில் சொல்லும்போதும் விரல் நீட்டாமல், நெஞ்சுக்கு நேர் நிற்காமல், சற்றுப் பக்கவாட்டில் நின்று, கண்ணைத் திடல் மேல் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் இருக்கையை நோக்கி ஓடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்கவில்லை என்றால் "என் கோணத்தில் தெரியல, கோச்" என்று சொல்லிவிடுவதில் வெட்கமில்லை. பார்த்தது போல நடிப்பதைப் பயிற்றுநர்கள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களும் ஆடி வந்தவர்கள்தானே!

ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். இரண்டு பயிற்றுநர்களையும் ஒன்றாக அழைத்துக் கை குலுக்கி, யார் எழுந்து நின்று உத்தி சொல்லப் போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பெயர் சொல்லிவிட்டால் மற்ற நால்வரையும் உட்காரச் சொல்ல நடுவருக்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

பையன்கள் விசில் ஊத ஆசையாகத்தான் வருகிறார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எண்ணெய்க் காசும் மதியச் சாப்பாடும்தான். இரண்டு ஆட்டம் ஊதுகிறார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் அவன் அம்மாவை இழுத்துப் பேசுகிறார். அடுத்த வாரம் ஆள் வருவதில்லை. பிறகு போட்டி நடத்துபவர்கள் "நல்ல ரெஃப்ரி கிடைக்கல" என்று ஆள் தேடி அலைகிறார்கள். கிடைத்தவனை விரட்டியது யார்?

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள், கோயில் குழுக்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது; பெரிய செலவும் இல்லை. எல்லைக் கோடு போடும்போதே, மீதமிருக்கும் சுண்ணாம்பில் இரண்டு இருக்கைகளையும் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடலாம். தோட்டத்தில் இரு தரப்புக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார வைக்கலாம். அவருக்கு விதிப் புத்தகம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பயிற்றுநர் கட்டத்தைத் தாண்டும்போது பெயர் சொல்லி உள்ளே கூப்பிடத் தெரிந்தால் போதும். நுழைவுப் பாரத்தில், சிவப்பு அட்டை வாங்கும் பயிற்றுநர் அடுத்த ஆட்டத்தில் இருக்கைப் பக்கம் வர முடியாது என்று ஒரு வரி சேர்த்து, பணம் கட்டும்போதே கையெழுத்து வாங்கிவிடலாம். அந்த வரியை அரையிறுதியில் தம் சொந்தத் தோட்டத்து அணிக்கே போட வேண்டி வந்தால், குழுத் தலைவர் என்ன செய்கிறார் என்று அந்த விசில் பையன் பார்த்துக்கொண்டிருப்பான்.